முக்தாரும் இடார்க் காசும்

குருவிட்டைச் சந்தியில் சில்லறைக் கடை போட்டிருந்த, சிங்களக்காரர்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முக்தார், கஹவத்தை ஜவுளிக்கார கபூரின் இரண்டாம் தாரத்து மூத்த மகன். தாய் அரநாயக்கக்காரி. மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்குக் கஹவத்தைக் கடை போய்ச் சேர்ந்தது. இவருக்குக் கிடைத்தது குருவிட்டையில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரு தராசும். கட்டினது இரத்தினபுரி ஸபியாவை. ஸபியாவுக்கு ஒரே தம்பி, ஜுனைதீன். கைவேகம், வாய்வேகம் இரண்டும் உள்ளவன். அவனைக் கடையில் நிறுத்தினால் வாடிக்கை போகும், வீட்டில் நிறுத்தினால் அடுக்களை போகும் என்று அக்காளே சொல்வாள்.

முக்தாருக்குக் குடியில்லை, சூதில்லை. ஒரேயொரு கிறுக்கு இருந்தது: செப்புக் காசு சேர்ப்பது. நம் சதக் காசு அல்ல, ஜெர்மன் நாட்டுப் பழைய சின்னக் காசு.

அந்தக் கிறுக்கை மூட்டிவிட்டவர் வருடா வருடம் இரத்தினபுரிக்கு மாணிக்கக் கல் வாங்க வரும் ஜெர்மன் துரை. அவருடைய ஊர் இடார். அங்கே வீட்டுக்கு வீடு கல் பட்டை தீட்டுவார்களாம். இளந்தாரி வயதில் முக்தார் அவருக்கு வழிகாட்டியாகக் கல் தோண்டும் குழி குழியாக நடந்திருக்கிறார். முதல் வருடம் கூலியோடு மூன்று செப்புக் காசையும் கையில் வைத்துத் துரை சொன்னார்: பாட்டன் காலத்தில் எங்கள் நாடு ஒரே நாடாக இருக்கவில்லை, முப்பது நாற்பது துண்டாகக் கிடந்தது, துண்டுக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு காசு.

குருவிட்டை அளவு நிலத்துக்கு ஒரு ராஜாவும் அவனுக்கொரு காசுமா! முக்தாருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு கொழும்பில் மச்சினன் முறையான அஸீஸின் கடைக்குக் கப்பல்காரர்கள் கொண்டுவந்து தள்ளும் பழைய சில்லறையை எல்லாம் கிளறினார். பித்தளை வார்ப்பவர்களின் சாக்கைக் கொட்டிப் பார்த்தார். காலி துறைமுகத்துக்கே இரண்டு முறை போய் வந்தார். எழுத்தைப் படிக்கத் தெரியாது, எண்ணும் படமும் தெரியும். பாயும் குதிரை போட்டது ஒரு ராஜா. மதில் மேல் கரடி நடப்பது இன்னொரு ராஜா. கேடயம் முழுக்கச் சாய்சதுரக் கட்டம் போட்டவன் பெரிய ராஜா. துரை கொடுத்த நீலப் பட்டு விரித்த கல் பெட்டியில் அறைக்கு ஒன்றாக இருபத்தாறு காசு சேர்ந்தது.

"காசுக்குப் பட்டு மெத்த, எனக்கு ஓலப் பாய்," என்பாள் ஸபியா. "நானும் ஒரு ஜெர்மன் காசாப் பொறந்திருக்கலாம்."

அந்தப் பெட்டியில் முதல் அறையை மட்டும் முக்தார் காலியாக வைத்திருந்தார். அது இடார்க் காசுக்கு. துரையின் சொந்த ஊரை ஆண்ட சின்ன ராஜா அடித்த காசு, துரையிடமே இல்லை. "எங்கள் ராஜா கொஞ்சம்தான் அடித்தார். கிடைத்தால் வேறு யாருக்கும் காட்டாதே, முதலில் எனக்குக் காட்டு," என்று சொல்லி ஒரு தாளில் வரைந்தும் கொடுத்திருந்தார். மேலே கிரீடம், மறுபக்கம் 3, அதன் கீழே 1858. அந்தத் தாள் மடித்து மடித்துக் கிழிந்தேபோனது. முக்தாருக்கு அந்தப் படம் மனப்பாடம்.

ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதின்மூன்றாம் வருடம், மழை தொடங்கும் முன்னே கல் எடுத்துவிட வேண்டுமென்று, றப்பர்த் தோட்டத்து எல்லையில் ஹீன் அப்பு பாஸ் ஒரு குழி திறந்தார். பாஸ் என்றால் குழிக்குத் தலைவர். அவர் சொன்னால்தான் இறங்கலாம், அவர் சொன்னால்தான் ஏறலாம். முக்தாருக்கு அந்தக் குழியில் சோற்றுப் பங்கு. தினமும் மதியச் சாப்பாடு கொடுக்க வேண்டும், கல் கிடைத்தால் அதில் ஒரு பங்கு. ஸபியா விடாமல் நச்சரித்ததால் ஜுனைதீனையும் வெட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

குழி திறக்கும்போது பந்துர கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். மலைத் தெய்வமான சமன் தெய்யோவை நினைத்து ஒரு காசை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து, குழி வாசலின் மூலைக் கம்பில் கட்டுவார்கள். குழி கல் கொடுத்தால் அந்தக் காசு தெய்யோவின் கோயில் உண்டியலுக்குப் போகும். அதுவரை அதை எவரும் தொடக் கூடாது. அது இல்லாமல் எவரும் இறங்கமாட்டார்கள்.

அதற்கு முன் மூன்று குழி பாஸை ஏமாற்றிவிட்டது. அதனால் இந்த முறை சாதாரணச் சதக் காசு கட்ட அவருக்கு மனமில்லை. துரையின் தகப்பனும் கல் வாங்க வந்தவர்தானாம். அவர் பாஸின் தகப்பனுக்கு ஞாபகமாகக் கொடுத்த காசு ஒன்று, வெற்றிலைப் பையின் அடியில் இத்தனை வருடமாகக் கிடந்தது. "கல் வாங்குகிறவன் ஊர்க் காசைக் கட்டினால் கல்லும் அவன் கையைத் தேடி வரும்," என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே பாஸ் அதை மஞ்சள் தண்ணீரிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

கிரீடம். திருப்பினார். 3. அதன் கீழே 1858.

முக்தாரின் கையில் இருந்த சோற்றுக் கூடை நழுவி முழங்காலில் இடித்தது.

"பாஸ், அந்தக் காசக் கொஞ்சம் பாக்கலாமா?"

"கழுவியாச்சு நானா. இனி அது என்ட இல்ல, காட்டுறதுக்கு."

"வெள்ளி ரூபா தாறன். அதக் கட்டுங்க."

குழிக்காரர்கள் சிரித்தார்கள். பாஸும் சிரித்தார். "தெய்யோகிட்ட மாத்துக் காசு கேட்ட மொத ஆளு நீங்கதான்," என்று சொல்லி முடிச்சை இறுக்கினார்.

அதிலிருந்து முக்தாருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் சீனி கேட்டவருக்கு உப்பு நிறுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை துரை இரத்தினபுரிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பத்து வருடமாகத் தேடிய காசு ஒரு முழக் கம்பில் தொங்குகிறது, நாளைக்குக் கல் கிடைத்துவிட்டால் உண்டியலுக்குள் போய்விடும். அவர் தொழுதார், தொழுகையிலும் கிரீடம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் கை கழுவ ஓடைக்குப் போனார்கள். முக்தார் வாழை இலை விரித்துக்கொண்டிருந்தார். குழி வாசலில் ஆளில்லை. எழுந்து நாலு எட்டு வைத்தார். முடிச்சை அவிழ்த்தார், காசை எடுத்தார், ஒரு சதக் காசைத் துணியில் வைத்தார், கட்டினார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரம்கூட ஆகவில்லை. பருப்புக் குழம்பை மட்டும் இலைக்கு வெளியே மண்ணில் ஊற்றினார்.

"மொதலாளிக்குக் காய்ச்சலுங்களா?" என்று கேட்டான் அல்பிரட். றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளி, காலையில் மரத்தில் பால் வெட்டு முடிந்ததும் குழிக்கு வந்து துலாவில் தண்ணீர் இறைப்பவன்.

"வெயில்," என்றார் முக்தார்.

இடார்க் காசைப் பெட்டியில் வைக்க அவருக்குக் கை வரவில்லை. சாரத்தின் மேல் கட்டும் அகலப் பட்டியின் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை துரைக்குக் காட்டும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தார்.

புதன்கிழமை இரவு முழுக்க மலையில் மழை கொட்டியது. வியாழக்கிழமை மரம் நனைந்து கிடந்ததால் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. அல்பிரட் விடியவே துலாவுக்கு வந்துவிட்டான். குழி ஆறு ஆள் ஆழம் போயிருந்தது. அடியில் மூன்று பேர்: ஹீன் அப்பு பாஸ், பொடிஹாமி, ஜுனைதீன். முக்தார் வந்து சோற்றுப் பானையை மூலைக் கம்போரம் இறக்கியபோது கீழிருந்து ஒரே ஆரவாரம். இல்லம் தட்டிவிட்டதாம். இல்லம் என்றால் கல் கிடக்கும் சரளை மண்.

அல்பிரட்டின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"மொதலாளி, தண்ணியப் பாருங்க. காலைல தெளிவா வந்துச்சு. இப்பத் தேத்தண்ணி மாதிரி வருது. வாளியும் கனக்குது."

"பாஸ்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேங்க. எறைடான்னு வெரட்டுறாரு."

முக்தார் குனிந்தார். பக்கத்து மண்ணைத் தாங்கும் குறுக்குக் கம்புகளுக்குப் பின்னே அடைத்திருந்த பன்னத் தழையிலிருந்து மண் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. நிமிரும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. மூலைக் கம்பின் காலடியில் ஒரு முழ நீளத்துக்குத் தலைமுடி போல ஒரு வெடிப்பு.

"பாஸ்! ஏறி வாங்க! மேல மண் வெடிச்சிருக்கு, குழி இடியப் போவுது!"

கீழே மண்வெட்டிகள் நின்றன. குழி வாசலில் இடியும் என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. பாஸின் குரல் கோபமாக மேலே வந்தது. "வாயக் கட்டு நானா! இல்லம் காலுல படுது. இன்னும் நாலு கூடை. அப்புறம் சாப்பாடு."

"சோறு ஆறிப்போகுமென்று நானாவுக்குப் பயம்," என்றான் பொடிஹாமி. மூன்று பேரும் சிரித்தார்கள். ஜுனைதீனின் சிரிப்புத்தான் பெரிது.

வெடிப்பு விரிகிறதா, தன் கண்தான் மயங்குகிறதா என்று முக்தாருக்குத் தெரியவில்லை. பட்டிக்குள் விரலை விட்டு, அகப்பட்ட காசை எடுத்து விளிம்பை வெடிப்பில் வைத்தார். நுழையவில்லை. அல்பிரட் மூன்று வாளி இறைத்தான். மறுபடி வைத்தார். பாதிக் காசு உள்ளே போனது. இன்னும் அழுத்தினார். காசு நழுவி உள்ளே விழுந்து மறைந்துவிட்டது.

அப்போதுதான் அது எந்தக் காசு என்று உறைத்தது.

முக்தார் முதலில் நினைத்தது காசைத்தான். சாகும்வரை அதை நினைத்து வெட்கப்பட்டார். குழியில் மூன்று உயிர் இருக்க, வெடிப்பில் நகத்தை விட்டுச் சுரண்டினார். மண் அவர் நகத்தின் மேலேயே சரிந்தது. வெடிப்புக்குள் இப்போது விரலே போனது.

இனி எத்தனை முறை கத்தினாலும் அவர்கள் ஏறப்போவதில்லை. அவர்களை ஏற்ற ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் குருவிட்டையில் கடை இல்லை, பங்கில்லை, முகமில்லை. தெய்யோவின் காசைத் திருடிய நானா என்று பேரப் பிள்ளைகள் காலம்வரை பேர் நிற்கும். அடித்தாலும் கேட்க ஆளிருக்காது.

முக்தார் மண்டியிட்டு, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே கத்தினார்.

"பாஸ்! பந்துரக் காசு கம்பில் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் எடுத்துவிட்டேன்!"

துலா பாதி வழியில் நின்றது. அல்பிரட் சிலுவை போட்டுக்கொண்டான். "என்னங்க மொதலாளி இப்படிப் பண்ணிட்டீங்க..."

கீழே மண்வெட்டி ஒன்று விழுந்தது. பிறகு கம்புகளில் கால் வைக்கும் ஓசை. முதலில் ஏறியவன் பொடிஹாமி, முகம் சாம்பலாக. அடுத்து பாஸ். முக்தாரைப் பார்க்காமல் நேரே மூலைக் கம்புக்குப் போய்த் துணி முடிச்சைக் கையில் எடுத்தார். சீனிப் பொட்டலம் கட்டுகிறவனுடைய முடிச்சு, இரண்டு சுற்று, ஒரு கண்ணி. அவிழ்த்தார். சதக் காசு விழுந்து உருண்டது.

"எங்கே?"

முக்தார் வெடிப்பைக் காட்டினார்.

பாஸ் குனிந்து பார்த்தார். கோபத்தோடு குனிந்தவர் நிமிரும்போது முகம் வேறாக இருந்தது. நாற்பது வருடக் குழிக்காரர். அந்த வெடிப்பு என்ன சொல்கிறது என்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குழிக்குள் எட்டிக் கத்தினார். "ஜுனைதீன்! ஏறு! இப்பவே ஏறு!"

கீழிருந்து சிரிப்பு வந்தது. "எனக்கென்ன பாஸ்? ஒங்கட சாமி, மச்சான்ட களவு. நான் ரெண்டுலயும் இல்ல. இல்லம் என்ட காலுல இரிக்கு. இந்தக் கூடைய நிரப்பிட்டு வாறன்."

"டேய், மண் சரியிதுடா!"

"அதையும் மச்சான்தான் களவெடுத்தாரா?"

பயம் காட்டினால் சிரிப்பான், கெஞ்சினால் இன்னும் ஒரு கூடை நிரப்புவான். அவனை எது கிளப்பும் என்று முக்தாருக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிறார். யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததை, களவுக் காசு ஒளித்திருந்த தன் இடுப்பே தனக்குக் காட்டிக்கொடுத்ததை, உரக்கச் சொன்னார்.

"டேய் ஜுனைதீன்! இடுப்புல என்னத்தடா ஒளிச்ச? கல்ல எடுத்துப் பட்டிக்குள்ள வச்சிட்டு, ஏறினாச் சோதிப்பாங்கன்னுதான் கீழ நிக்கிற!"

கூடை விழும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்ன?"

"களவாணி! கூடப் பொறந்த ராத்தா முகத்துல கரி பூசிட்ட!"

ஆறு ஆள் ஆழத்தை ஜுனைதீன் ஏறிய வேகத்தை அல்பிரட் பிற்பாடு வருடக்கணக்கில் தோட்டத்து லயன் வீடுகளில் நடித்துக் காட்டியிருக்கிறான். கம்பைப் பிடித்தானா, காற்றைப் பிடித்தானா தெரியாது. மேலே வந்த வேகத்தில் முக்தாரின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். ஓர் அடி, இரண்டு அடி, பத்தடி. முகத்தில் குத்தினான். முன்பல் ஒன்று போனது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியபோது தரை அதிர்ந்தது.

மூலைக் கம்பு முதலில் தலைசாய்த்தது. அப்புறம் அந்தப் பக்கத்துச் சுவர் முழுக்க, அவசரமே இல்லாமல், உள்ளே இறங்கியது. துலா போனது, சோற்றுப் பானை போனது. சேற்றுத் தண்ணீர் மேலே எகிறி விழுந்தது. அதன் பிறகு குழிக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் மட்டும்.

ஜுனைதீனின் கை ஓங்கியபடியே நின்றது.

குருவிட்டை அன்று இரண்டாகப் பிரிந்தது. நானா மூன்று பேரைக் காப்பாற்றினார் என்றது பாதி ஊர். காசைத் தொட்டதால்தான் குழி இடிந்தது என்றது மறுபாதி. அதைக் காப்பாற்றுவது என்பார்களா என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு மாதம் கடைக்கு ஈ வரவில்லை. பாஸ் இரண்டு பக்கமும் பேசவில்லை. ஆள் அனுப்பி, "பெட்டியோடு வா," என்றார். முக்தார் இருபத்தாறு காசையும் அவர் காலடியில் திறந்து வைத்தார், முழுக்க எடுத்துக்கொள்ளட்டும் என்று.

பாஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கரடிக் காசை எடுத்தார். மஞ்சள் தண்ணீரில் கழுவினார்.

"மத்தது?" என்றார் முக்தார்.

"ஒன்னு போதும். தெய்யோ பெட்டி வைக்கிறதில்ல நானா."

குழி இடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமையே துரை வந்திருந்தார், சனிக்கிழமை போனார். முக்தார் பார்க்கப் போகவில்லை. பல் போன வாயோடு, காலி அறையோடு என்னத்தைக் காட்டுவது?

காசுக்கு இப்படி ஒரு கணக்குத் தீர்ந்தது. ஜுனைதீனுக்குத் தீரவில்லை. இடிந்த குழியைப் பற்றி ஊர் இரண்டு விதமாகப் பேசினாலும், அவன் இடுப்பைப் பற்றி ஒரே விதமாகத்தான் பேசியது. போகிற இடமெல்லாம், "இடுப்புல என்ன தம்பி?" என்று கேட்டார்கள். கஹவத்தைக்கு வேலைக்குப் போனான், கேலி அவனுக்கு முன்னே போயிருந்தது. பெருநாளைக்கும் அக்காள் வாசலை மிதிக்கவில்லை. ஸபியா தம்பிக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைத்து, ஒரு தட்டைத் திரும்ப எடுத்துவிடுவாள். முக்தாருடன் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அவனுக்கு அரநாயக்கவில் ஜெஸீமா என்ற பெண்ணைக் கேட்டிருந்தார்கள். குழியில் கல் ஒளித்தவனாமே என்று பெண்ணின் தகப்பன் பேச்சை நிறுத்திவிட்டார்.

மறு வருடம் தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கடை நிறைந்த கூட்டம். அல்பிரட் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்றான். பொடிஹாமி கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தான். ஜுனைதீன் உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. கடைப் பலகையின் முன் நின்று, இடுப்புப் பட்டியை அவிழ்த்து, பையைப் புறம் திருப்பி உதறினான். ஒரு பீடித் துண்டு விழுந்தது.

"பாருங்க மச்சான். நல்லாப் பாருங்க."

முக்தார் தராசைக் கீழே வைத்தார். அன்று குழி வாசலில் சிங்களத்தில் கத்தியதுபோலவே, எல்லோருக்கும் விளங்க, ஆனால் இந்த முறை கத்தாமல் சொன்னார். "இவன் இடுப்பில் அன்றைக்கும் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது என் இடுப்பில். இவனை ஏற்றுவதற்காக நான் பொய் சொன்னேன்."

பிறகு தமிழில், "அரநாயக்கவுக்கு வந்து அந்த மனுசன்ட முன்னாலயும் சொல்றன். இண்டைக்கே வாறன்."

ஜுனைதீன் பட்டியைக் கட்டினான். பொடிஹாமிதான் சிங்களத்தில் சொன்னான்: "அந்தப் பொய் இல்லாவிட்டால் இவன் இப்போது மண்ணுக்குள், பட்டியோடு."

"அது எனக்குத் தெரியும்," என்றான் ஜுனைதீன் எரிச்சலாக. "தெரிஞ்சதாலதானே இவ்வளவு நாளா ஒரு குத்தோட விட்டு வச்சிருக்கேன்."

உள்ளே ஸபியாவின் வளையல் சத்தம் கேட்டது. தட்டு ஒன்று வைக்கும் சத்தமும், அப்புறம் இரண்டாவது தட்டு வைக்கும் சத்தமும்.

ஜுனைதீன் உள்ளே போகும் முன் பலகை மேலிருந்த நீலப் பட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தான். முதல் அறை காலி. கரடி இருந்த அறையும் காலி. மீதி இருபத்தைந்து ராஜாக்கள் படுத்துக் கிடந்தார்கள். மூடியைத் தட்டி மூடினான்.

"சாப்பிட்டுட்டுப் போவோம் மச்சான். அரநாயக்க தூரம்."